தடித்த சொற்பட்டியலை மூடிவையுங்கள், மலாய்ப் பாடநூலைத் திறவுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் பெஸ்தாரி ஜெயாவில் இடைநிலைப்பள்ளி, இப்போது ஆறாம் படிவம். மலேசியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வான மூயெட்டில் நான்காம் பேண்டை, அதாவது நான்காம் தரநிலையை, எட்ட வேண்டும். அதற்காக ஒரு தடித்த சொற்பட்டியல் புத்தகம் வாங்கி நாளுக்கு இருபது சொல் மனப்பாடம் செய்கிறீர்கள். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துபோகிறது. வீட்டில் தமிழ், டவுனில் மலாய், ஆங்கிலம் பேச ஆளே இல்லை. கடைசியில், "தோட்டத்துப் பையனுக்கு உயர்ந்த ஆங்கிலச் சொல்வளம் வருமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ஆனால் அந்தப் புத்தகத்தால் வராது.

நீங்கள் அனுப்பியிருந்த பக்கத்தைப் பார்த்தேன். பெர்ஸ்பிகேஷியஸ், ப்ளெத்தோரா, எஃபெமரல் என்று வரிசையாகப் போகிறது. இவற்றைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் நீங்கள் படிக்கப்போகும் பல்கலைக்கழகப் பாடநூலில் முதல் சொல் ஒருமுறைகூட வராமல் போகலாம். கட்டுரையில் அதைச் செருகினால் திருத்துபவர் ஒரு நொடி நின்று பார்ப்பார், அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே "டிஸ்கஸ் அபவுட்" என்று எழுதியிருந்தால் அந்த நொடியில் கிடைத்த மதிப்பும் போய்விடும்.

உயர்ந்த சொல்வளம் என்றால் அரிய சொற்கள் என்று நினைப்பதுதான் முதல் சிக்கல். ஆங்கிலச் சொற்களை மூன்று அடுக்காகப் பார்க்கலாம். அடியில் இருப்பவை அன்றாடச் சொற்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற உங்களுக்கு இவற்றில் பெரும்பகுதி தெரியும். உச்சியில் இருப்பவை உங்கள் புத்தகத்தில் உள்ள அலங்காரச் சொற்களும் துறைச் சொற்களும். நடு அடுக்கில்தான் எல்லாம் இருக்கிறது: அசஸ், டிரைவ் (derive), இம்ப்ளை, கான்ஸ்டிட்யூட், சிக்னிஃபிகண்ட், கன்சிஸ்டன்ட் போன்றவை. செய்திக் கட்டுரை, ஆய்வறிக்கை, சட்டம், பொருளாதாரம், உயிரியல் என எதைத் திறந்தாலும் இவை வந்து நிற்கும்.

இந்த நடு அடுக்கை ஒருவர் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் நூல்களிலிருந்து ஏறக்குறைய 35 இலட்சம் சொற்களைத் திரட்டி, 2000-ல் ஒரு கல்விச் சொற்பட்டியலை வெளியிட்டார். அதில் இருப்பது 570 சொற்குடும்பங்கள்தான். ஆனால் கல்வி நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கை இந்த 570 பிடித்துக்கொள்கின்றன. அதே பட்டியல் கதைப் புத்தகங்களில் ஒன்றரை விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. "நிறைய நாவல் படி, ஆங்கிலம் தானாக வரும்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாவல் வேறு பல நன்மைகளைச் செய்யும், இந்த வேலையை மட்டும் செய்யாது. பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பத்துப் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், அடிக்கடி வருபவை முதல் பகுதியில் இருக்கும்.

இனி, தோட்டத்துப் பையனுக்கு என்ன வசதி இருக்கிறது என்று பார்ப்போம்.

அந்தப் பட்டியலின் முதல் பகுதியில் 60 சொற்கள். எடுத்துவைத்து, பக்கத்தில் உங்கள் மலாய்ப் பாடநூல்களையும் வையுங்கள். கொன்செப், கொன்தெக்ஸ், கொன்த்ராக், டேஃபினிசி, எக்கோனோமி, ஃபக்தோர், ஃபுங்சி, இன்டிவிடு, இசு, பொலிசி, ப்ரின்சிப், ப்ரோசெஸ், செக்தோர், சிக்னிஃபிகான், ஸ்பெசிஃபிக், ஸ்த்ருக்தூர், தெயோரி. அறுபதில் இருபதுக்கும் மேற்பட்டவை நீங்கள் செஜாரா என்னும் வரலாற்றுப் பாடத்திலும் அறிவியலிலும் மலாய்க் கட்டுரையிலும் ஏற்கெனவே எழுதிய சொற்கள். மலாயில் கலைச்சொல் ஆக்கியபோது, பொருத்தமான சொந்தச் சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலத்தின் வழியாக வந்த லத்தீன், கிரேக்கச் சொல்லையே மலாய் எழுத்துக்கூட்டலில் எடுத்துக்கொண்டார்கள். இப்படி நாட்டின் ஒவ்வொரு மாணவனும், ஆங்கிலம் படிக்கிறோம் என்று தெரியாமலேயே, ஆங்கிலக் கல்விச் சொற்களில் ஒரு பெரும் பகுதியைப் பதினோரு ஆண்டு படித்துவிடுகிறான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தமிழ்வழி படித்த மாணவனுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. நம் பிள்ளைகள் இதைச் சொத்தாகவே எண்ணுவதில்லை. "எனக்கு மலாய்தான் சார் வரும், இங்கிலீஷ் வராது" என்று சொல்லிக்கொண்டே கையில் வைத்திருக்கிறார்கள்.

மாற்றும் முறையும் எளிது. மலாயில் 'சி' என்று முடிவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஷன்' என்று முடியும்: இம்ப்லிகாசி என்றால் இம்ப்ளிகேஷன், கொன்த்ராடிக்சி என்றால் கான்ட்ரடிக்ஷன். 'இதி' என்பது 'இட்டி' ஆகும்: க்ரெடிபிலிதி, இன்தெக்ரிதி. 'இஃப்' என்பது 'இவ்' ஆகும்: கொம்ப்ரெஹென்சிஃப், எஃபெக்திஃப். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பழைய மலாய்க் கட்டுரைகளைப் புரட்டினால் நூறு சொல்லுக்கு மேல் பொறுக்கலாம்.

ஆனால் அப்படியே நம்பிப் போனால் சில இடங்களில் வழுக்கும். மலாயில் ஃபெனோமெனா, க்ரிதேரியா இரண்டும் ஒருமை. ஆங்கிலத்தில் இரண்டும் பன்மை, ஒருமைக்கு ஃபினாமினன், கிரைட்டீரியன் என்று எழுத வேண்டும். மலாயில் "ப்ரக்திகல் செய்கிறேன்" என்றால் பயிற்சிக்குப் போகிறேன் என்று பொருள், ஆங்கிலத்தில் அப்படி எழுத முடியாது, இன்டர்ன்ஷிப் என்றுதான் சொல்ல வேண்டும். போலீஸ் கொடுக்கும் கொம்பாவுன் நம் நாட்டைத் தாண்டினால் வெறும் ஃபைன்தான். உச்சரிப்பும் மாறும். மலாயில் அசைகளைச் சமமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் எக்கானமியில் இரண்டாவது அசையில் விழும் அழுத்தம், எக்கனாமிக் என்னும்போது மூன்றாவதுக்குத் தாவிவிடும். அனலைஸ் என்பதில் முதல் அசை, அனாலிசிஸ் என்பதில் இரண்டாவது. மூயெட்டில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் சம எடை. எழுத்தில் தெரிந்த சொல்லைக் காதில் அடையாளம் காண முடியாவிட்டால் கேட்டல் தாளில் அது உங்களுக்குத் தெரியாத சொல்தான். அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி ஒருமுறை கேட்டு, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு குறை, மலாய் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் குடும்பத்தில் ஒரே ஓர் ஆளைத்தான். சிக்னிஃபிகான் தெரியும். சிக்னிஃபிகன்ஸ், சிக்னிஃபை, சிக்னிஃபிகண்ட்லி, இன்சிக்னிஃபிகண்ட் ஆகியவற்றை நீங்கள்தான் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்ய நல்ல மாணவர்கள்கூடச் சோம்பல்படுவார்கள். சொற்களைப் பிரித்து லத்தீன் வேர்களை மனப்பாடம் செய்யும் முறை ஒன்றும் உண்டு, பலர் பெரிதாகப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் பத்துப் பதினைந்து முன்னொட்டு தெரிந்தால் போதும், அதற்கு மேல் அது தனிப் பொழுதுபோக்கு.

சரி, எத்தனை சொல் தெரிய வேண்டும்? சொல்வள ஆய்வில் பெயர் பெற்ற பால் நேஷன் 2006-ல் கணக்குப் போட்டு, நாளிதழையும் நாவலையும் யார் உதவியும் இல்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் வேண்டும் என்றார். கேட்டதும் மலைத்துப்போக வேண்டாம். அது படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய அளவு. எழுதவும் பேசவும் அதில் ஒரு பகுதி போதும். மூயெட்டின் நீண்ட கட்டுரைக்கே குறைந்தது 250 சொல்தான் கேட்கிறார்கள்.

இப்போது மறதி. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும், அப்புறம் மறதியின் வேகம் குறையும். உங்கள் இருபது சொல்லுக்கு நடப்பதும் இதுதான், உங்கள் மூளையில் கோளாறு இல்லை. மறப்பதற்குச் சற்று முன்னால் மறுபடி பார்த்தால் அடுத்த மறதி தள்ளிப்போகும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆங்கி என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம். கைப்பேசி கையில் இருந்தால் டிக்டாக்குக்குப் போய்விடுவேன் என்றால் அட்டைகளை வெட்டி, சொற்களை எழுதி, பழைய மைலோ டின்னில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தச் சொல்லை அட்டையில் எழுதுவது என்பதுதான் முக்கியம். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் உதிரிப்பழம் விழுந்து கிடந்தால்தான் மேலே குலை பழுத்திருக்கிறது என்று வெட்டுவார்கள். சொல்லும் அப்படித்தான். நீங்கள் படித்த இரண்டு மூன்று இடங்களில் கண்ணில் பட்டு, "இதை எங்கேயோ பார்த்தேனே" என்று தோன்றும் சொல்தான் அட்டைக்குப் பழுத்த சொல். பட்டியலில் மட்டும் பார்த்த சொல்லை விட்டுவிடுங்கள். நாளுக்கு ஐந்து போதும்.

எங்கே படிப்பது? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆழமாகப் படியுங்கள். கண்ட கண்ட தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை படித்தால் ஒவ்வொன்றிலும் புதிய சொற்கள் வந்து ஒருமுறை முகம் காட்டிவிட்டுப் போய்விடும். ஒரே விஷயத்தில் பத்துக் கட்டுரை படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு அந்த விஷயம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் போட்டதுதான். செம்பனையைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைப்பதற்கு அளவே இல்லை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் வெளியீடுகள், நாளிதழ்களின் வணிகப் பக்கம், ஐரோப்பியச் சுற்றுச்சூழல் அமைப்புகளின் குற்றச்சாட்டு, அதற்கு நம் அரசாங்கத்தின் பதில் என்று எல்லாம் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1981 வரை இங்கே செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்து மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. உங்கள் பாட்டி தலைமுறையில் பல பெண்கள் அந்த வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், தூவும் வேலை தேவையில்லாமல் போனது, காய்ப்பும் கூடியது. இந்தக் கதையை ஆங்கிலத்தில் தேடிப் படியுங்கள். பாலினேட், ஸ்பீசீஸ், இன்ட்ரடியூஸ், யீல்ட், லேபர் இன்டென்சிவ் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் அகராதியைத் தொடாமலேயே பாதிச் சொற்களின் பொருள் பிடிபடும். இன்ட்ரடியூஸ் என்றால் ஆளை அறிமுகம் செய்வது மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். ஓர் உயிரினத்தை, ஒரு சட்டத்தை, ஒரு வரியை ஒரு நாட்டுக்குள் புதிதாகக் கொண்டுவருவதற்கும் அதுவே சொல் என்று அங்கே தெரியும். வெட்டிய குலை சீக்கிரம் ஆலைக்குப் போகாவிட்டால் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பத்தியில் டிடீரியரேட் என்று பார்த்தால், அந்தச் சொல் இனி எங்கும் போகாது.

செம்பனை அலுத்துவிட்டால் பந்து. இங்கிலாந்து லீக் ஆட்டத்தைப் பாதி இரவு விழித்துப் பார்க்கும் பிள்ளைகள் மறுநாள் அதே ஆட்டத்தின் ஆங்கிலச் செய்தியைப் படிக்க மாட்டேன் என்கிறார்கள், இது எனக்கு விளங்காத மர்மம். கன்சீட் என்பது கோல் விடுவதற்கும் வரும், விவாதத்தில் எதிராளியின் கருத்தை ஒத்துக்கொள்வதற்கும் வரும். ரிசிலியன்ட், ரிலென்ட்லெஸ், இனெவிட்டபிள் எல்லாம் விளையாட்டுப் பக்கத்தில் அன்றாடச் சரக்கு.

நாட்டு நடப்புக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மின்னல் எஃப்.எம். செய்தியைத் தமிழில் கேளுங்கள், அதே செய்தியை அன்று மாலை பெர்னாமா செய்தி நிறுவனத்தின் ஆங்கிலத் தளத்தில் படியுங்கள். விஷயம் தெரிந்துவிட்டதால் கண் சொல்லின் மேலேயே நிற்கும். அகராதி என்றால் ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே செய்தது வேண்டும். லாங்மன் அகராதியில் எல்லாச் சொல்லுக்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் எளிய சொல்லுக்குள்ளேயே பொருள் எழுதுகிறார்கள், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலம்–தமிழ் அகராதி அவசரத்துக்கு உதவும், ஆனால் எந்தச் சொல் எதோடு சேரும் என்று அது சொல்லாது.

அந்தச் சேர்க்கைதான் நான் அதிகம் பேச வேண்டிய இடம். தமிழில் காய்ச்சல் அடிக்கும், மழை பெய்யும், வெயில் கொளுத்தும். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆங்கிலத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு, அங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். முடிவை மேக் செய்ய வேண்டும், ஆய்வை காண்டக்ட் செய்ய வேண்டும், பிரச்சினையை டேக்கிள் செய்யலாம். சிக்னிஃபிகண்ட் என்ற ஒரு சொல்லை எழுதும்போது சிக்னிஃபிகண்ட் இம்பேக்ட், சிக்னிஃபிகண்ட் இன்க்ரீஸ், சிக்னிஃபிகண்ட் ரோல் என்று அதன் கூட்டாளிகளோடு சேர்த்து எழுதிவையுங்கள். அட்டையில் தனிச் சொல் இருக்கவே கூடாது, நீங்கள் படித்த வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும்.

நம் ஊர் ஆங்கிலத்துக்கென்றே சில பழுதுகள் உண்டு. எம்ஃபசைஸ் ஆன், டிஸ்கஸ் அபவுட், கம்ப்ரைஸ் ஆஃப் என்று தேவையில்லாத ஒட்டைச் சேர்ப்பது. எக்விப்மென்ட்ஸ், ஃபர்னிச்சர்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ் என்று பன்மை ஆகாததைப் பன்மையாக்குவது. விளக்கை ஓப்பன் செய்து க்ளோஸ் செய்வது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு சென்ட் செய்வது, மாமா காரில் ஃபாலோ செய்வது. இவை கோப்பிக்கடையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, பேசிக்கொண்டே இருங்கள். தேர்வுத்தாளில்தான் இடம் கிடையாது. ஆன், டேக், கோ வித் போன்ற சின்னச் சொற்களைச் சரியாகப் போடுபவன்தான் உண்மையில் உயர்ந்த சொல்வளம் உள்ளவன் என்பது என் கட்சி.

மலாய் வழியாக வரும் சொற்களுக்கு ஒரு பின்விளைவும் உண்டு. எல்லாமே கோட்டு சூட்டுப் போட்ட சொற்கள். மூயெட் எழுதுதலில் நண்பனுக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னால், அங்கேயும் போஸ்ட்போன், கமென்ஸ் என்று எழுதினால் விறைப்பாக இருக்கும். புட் ஆஃப், டர்ன் டவுன், பிரிங் அபவுட், கேரி அவுட் போன்ற இரட்டைச் சொற்கள் வேண்டும். இவை மலாய்ப் பாடநூலில் கிடைக்காது. படம், தொடர், பேட்டி, நாவல் இவற்றில்தான் கிடைக்கும். நாவலுக்கு வேலை இங்கே வருகிறது.

பேச ஆள் இல்லை என்பதற்கு வருகிறேன். வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகு என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அம்மாவிடம் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலம் பேசினால் இரண்டு பேருக்கும் பயனில்லை. அன்று படித்த செம்பனைக் கட்டுரையை மூடிவிட்டு, கைப்பேசியில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கே தடுக்கி நிற்கிறீர்களோ அங்கே இல்லாத சொல்தான் நாளைக்கு வேண்டிய சொல். கட்டுரையைத் திறந்தால் அது அங்கேயே இருக்கும். மறுபடி பதிவு செய்யுங்கள். உங்களைப் போலவே மூயெட் எழுதப்போகும் ஒரு நண்பன் கிடைத்தால் வாட்ஸ்அப் குரல் செய்தியாக மாற்றி மாற்றி அனுப்புங்கள். தேர்வில் குழுக் கலந்துரையாடலும் உண்டு, எதிராளியின் கருத்தைக் கேட்டுப் பதில் சொல்லும் பழக்கம் அதற்கு உதவும்.

மூன்று மாதம் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றரையில் இருப்பவர் நான்குக்குப் போக, தினம் ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால், பெரும்பாலும் போதும். ஐந்துக்கு ஓர் ஆண்டாவது வேண்டும். தேர்வு ஆண்டுக்குச் சில முறை நடப்பதால் முதல் முறையிலேயே எல்லாம் தீர வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை.

தேர்வுக்கு முந்திய மாதம் புதிய சொல் எதையும் சேர்க்காதீர்கள். வாரம் இரண்டு கட்டுரை எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் அட்டையில் இருக்கும் ஆறேழு சொல்லை வேலைக்கு விடுங்கள். எழுதியதை உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து, "சேராத இடத்தில் வந்த சொல்லை மட்டும் வட்டமிட்டுத் தாருங்கள், டீச்சர்" என்று கேளுங்கள். முழுக் கட்டுரையையும் திருத்தித் தரச் சொன்னால் வகுப்பில் உள்ள மற்ற தாள்களோடு அதுவும் மேசையில் கிடக்கும். வட்டமிடுவதற்கு ஐந்து நிமிடம்தான் பிடிக்கும், அன்றைக்கே கைக்குத் திரும்பிவிடும்.